தேம்ஸ் நதியும் பொறியாளர் பசல்ஜெட்டும்

1858ஆம் ஆண்டு ஜூன் மாதம். லண்டன் மாநகரை வழக்கத்துக்கு மாறான வெப்பம் வாட்டிக்கொண்டிருந்தது. தேம்ஸ் நதிக்கரையில் புதிதாக எழுந்திருந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் சன்னல் திரைகளைப் பணியாளர்கள் சுண்ணாம்புக் குளோரைடு கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். நதியிலிருந்து வந்த நாற்றத்தைத் தடுக்க அதைவிட வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை. அப்படியும் நாற்றம் உள்ளே புகுந்தது. உறுப்பினர்கள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு அறைகளை விட்டு வெளியேறினார்கள். நாடாளுமன்றத்தை வேறோர் ஊருக்கு மாற்றலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. லண்டன் வரலாற்றில் அந்தக் கோடைக்காலம் ‘பெருநாற்றம்’ என்ற பெயரிலேயே வழங்குகிறது.

அந்த நாற்றத்தைப் போக்குவதற்கான திட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது. வரைபடங்கள், அளவுகள், செலவுக் கணக்குகள் அனைத்தும் இரண்டு ஆண்டுகளாக ஓர் அலுவலகத்தில் ஒப்புதலுக்காகக் காத்துக்கிடந்தன. அவற்றைத் தயாரித்தவர் ஜோசப் வில்லியம் பசல்ஜெட் என்னும் பொறியாளர்.

பசல்ஜெட் 1819ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் லண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டில் பிறந்தார். அவருடைய தாத்தா பிரான்ஸ் நாட்டிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து, தையல் தொழிலில் செல்வம் சேர்த்தவர். தந்தை பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். அக்காலத்தில் பொறியியல் கற்க விரும்பியோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குச் செல்லவில்லை. அனுபவமிக்க பொறியாளர் ஒருவரிடம் பணியாற்றியே தொழிலைக் கற்றார்கள். பசல்ஜெட்டும் அப்படித்தான் கற்றார். ஜான் மெக்நீல் என்ற பொறியாளரிடம் சேர்ந்து, அயர்லாந்தில் சதுப்பு நிலங்களிலிருந்து நீரை வடித்து அவற்றைப் பயன்படு நிலமாக மாற்றும் வேலையில் ஈடுபட்டார். நீர் எந்தச் சரிவில் ஓடும், எங்கே தேங்கும், தேங்கிய நீரை எப்படி வெளியேற்றுவது என்பதையெல்லாம் அவர் அங்கே சேற்றில் நின்று கற்றுக்கொண்டார்.

1842ஆம் ஆண்டு அவர் லண்டனில் சொந்தமாக அலுவலகம் திறந்தார். அப்போது இங்கிலாந்தெங்கும் இரயில் பாதைகள் அமைக்கும் வேகம் கரைபுரண்டு ஓடியது. பசல்ஜெட்டுக்கும் வேலைகள் வந்து குவிந்தன. இரவு பகல் பாராமல் உழைத்த அவரது உடலும் மனமும் 1847ஆம் ஆண்டில் தளர்ந்துபோயின. திருமணமாகி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், தொழிலை நிறுத்திவிட்டு நெடுநாள் ஓய்வெடுக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. உடல்நலம் தேறி அவர் மீண்டும் வேலைக்கு வந்தபோது நாடியது இரயில் துறையை அன்று. 1849ஆம் ஆண்டில் லண்டனின் கழிவுநீர் ஆணையத்தில் துணை நில அளவையாளராகச் சேர்ந்தார். அந்த நோய் வராமல் இருந்திருந்தால் அவர் இரயில் பாதைகளோடு காலம் கழித்திருக்கவும் கூடும்.

அவர் சேர்ந்த நேரத்தில் லண்டன் நடுங்கிக்கொண்டிருந்தது. 1848, 1849ஆம் ஆண்டுகளில் பரவிய காலரா நோய்க்கு அந்நகரில் 14,000க்கும் மேற்பட்டோர் பலியாயினர். நதியின் சீர்கேட்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருந்தது. ஆனால், அந்தத் தொடர்பை அன்று சரியாக அறிந்தவர் மிகச் சிலரே.

தேம்ஸ் நதி ஏன் அவ்வளவு கெட்டுப்போனது? முற்காலத்தில் லண்டனின் கால்வாய்கள் மழைநீரை வடிப்பதற்காக மட்டுமே இருந்தன. மனிதக் கழிவு வீடுகளுக்கு அடியில் இருந்த குழிகளில் சேர்ந்தது. ஏறத்தாழ 200,000 கழிவுக்குழிகள் அந்நகரில் இருந்தன. இரவு நேரத்தில் தொழிலாளர்கள் வந்து குழிகளை வாரி, கழிவை வண்டிகளில் ஏற்றிச் சென்று உழவர்களுக்கு உரமாக விற்றார்கள். நகரம் விரிய விரிய வயல்கள் தொலைவுக்குப் போயின; வண்டிக் கூலி கூடியது. போதாக்குறைக்குத் தென் அமெரிக்காவிலிருந்து பறவை எச்ச உரம் மலிவாக வந்து இறங்கியதால், லண்டன் கழிவை வாங்க ஆள் இல்லாமல் போயிற்று.

இதற்கிடையே, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் புதுவகைக் கழிப்பறைகள் வீடுகளுக்கு வந்தன. வசதிமிக்க கண்டுபிடிப்புதான். ஆனால், ஒவ்வொரு முறையும் ஊற்றப்பட்ட தண்ணீர் குழிகளை நிரப்பி வழியச் செய்தது. வீட்டுக் கழிவை மழைநீர்க் கால்வாயில் விடலாம் என்று 1815ஆம் ஆண்டிலேயே அனுமதி கிடைத்திருந்தது. 1848ஆம் ஆண்டில் அது கட்டாயமாக்கப்பட்டது. வீடுகள் தூய்மையாயின. நதி சாக்கடையாயிற்று. நல்ல நோக்கத்தோடு இயற்றப்பட்ட ஒரு சட்டமே நதிக்குப் பகையாக அமைந்தது.

தேம்ஸ் நதிக்கு இன்னோர் இயல்பும் உண்டு. லண்டன் வரை கடலின் ஏற்றமும் வற்றமும் அதில் தெரியும். கடல் ஏறும்போது நதிநீர் பின்னோக்கி நகரும். வற்றும்போது கடலை நோக்கி ஓடும். ஆகவே, நகரின் நடுவே நதியில் கலந்த கழிவு நேராகக் கடலுக்குப் போகவில்லை. பல நாள்கள் மேலும் கீழுமாக ஊசலாடியபடி லண்டனையே சுற்றிக்கொண்டிருந்தது. அதே நதியிலிருந்துதான் பல குடிநீர் நிறுவனங்கள் நீரை எடுத்து வீடுகளுக்கு விற்றன. 1855ஆம் ஆண்டு, புகழ்பெற்ற அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே படகில் சென்றபோது வெள்ளை அட்டைத் துண்டுகளை நதியில் போட்டுப் பார்த்தார். அவை ஓர் அங்குலம் மூழ்குவதற்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தன. அந்த அளவுக்கு நீர் கலங்கியிருந்தது. ஃபாரடே தாம் கண்டதைச் செய்தித்தாளுக்கு எழுதி அனுப்பினார். ஆயினும், பலன் ஏதும் உடனே விளையவில்லை.

அன்றைய மருத்துவர்களும் அதிகாரிகளும் கெட்ட காற்றுதான் நோயைப் பரப்புகிறது என்று நம்பினார்கள். பசல்ஜெட்டின் நம்பிக்கையும் அதுவே. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் மட்டும் காலரா குடிநீர் வழியாகப் பரவுகிறது என்று வாதிட்டார். 1854ஆம் ஆண்டு, சோகோ பகுதியில் ஒரு தெருக் குழாயின் நீரைக் குடித்தவர்களே பெரும்பாலும் இறந்தார்கள் என்பதை அவர் வீடு வீடாக விசாரித்துக் காட்டினார். அப்போதும் பெரும்பாலோர் அவரை நம்பவில்லை. பெருநாற்றம் உச்சத்தில் இருந்த அதே 1858 ஜூன் மாதத்தில் ஸ்னோ காலமானார். தம் கருத்து வென்றதை அவர் பார்க்கவே இல்லை.

கழிவுநீர் ஆணையத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் வேலைச் சுமையால் நலிந்து 1852ஆம் ஆண்டில் இறந்தார். அந்தப் பொறுப்பு பசல்ஜெட்டிடம் வந்தது. சில ஆண்டுகளில் ஆணையமே கலைக்கப்பட்டு, மாநகரப் பணிகள் வாரியம் என்ற புதிய அமைப்பு உருவானது. 1856ஆம் ஆண்டில் அதன் தலைமைப் பொறியாளராகப் பசல்ஜெட் தேர்ந்தெடுக்கப்பட்டார். பாலங்களாலும் கப்பல்களாலும் புகழ்பெற்றிருந்த பொறியாளர் புருனெல் அவருக்காகப் பரிந்துரைத்திருந்தார்.

பசல்ஜெட் வகுத்த திட்டத்தின் அடிப்படை எளிமையானது. லண்டனின் பழைய கால்வாய்கள் அனைத்தும் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் நதியை நோக்கி இறங்கின. அவற்றுக்குக் குறுக்கே, நதிக்கு இணையாக, மேற்கிலிருந்து கிழக்கே பெரிய கால்வாய்களை நிலத்துக்கு அடியில் அமைத்தால் என்ன? பழைய கால்வாய்களின் கழிவு நதியைத் தொடும் முன்பே இடைமறிக்கப்படும். பிறகு, அது நகரைக் கடந்து கிழக்கே பல கிலோமீட்டர் பயணம் செய்யும். அங்கே பெரிய தொட்டிகளில் சேர்த்து வைத்து, கடல் வற்றும் நேரம் பார்த்துத் திறந்துவிட்டால், கழிவு கடலை நோக்கிப் போய்விடும். நதிக்கு வடக்கே மூன்று கால்வாய்கள், தெற்கே இரண்டு என்று அவர் வரைந்தார்.

நீர் தானாகவே ஓட வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு மைலுக்கும் குறைந்தது 2 அடி சரிவு வைத்தார். அப்படிச் சரிந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் கால்வாய் மிக ஆழத்துக்குப் போய்விடும் அல்லவா? அந்த இடங்களில் நீராவி இயந்திரங்கள் கழிவுநீரை மேலே தூக்கிவிடும். அங்கிருந்து அது மீண்டும் சரிவில் ஓடும். பல கால்வாய்களுக்கு முட்டை வடிவத்தைத் தேர்ந்தார். முட்டையின் குறுகிய முனை கீழே இருக்கும். வறண்ட நாள்களில் சிறிதளவு நீரே வந்தாலும், குறுகிய அடிப்பகுதியில் அது விரைந்து ஓடிக் கசடு படியாமல் அடித்துச் செல்லும். மழைநாளில் அகன்ற மேற்பகுதி கூடுதல் நீரைத் தாங்கும்.

இந்தத் திட்டத்தில் பசல்ஜெட் எடுத்த முடிவுகளுள் மிகக் கடினமானது மழையைப் பற்றியது. சிங்கப்பூரில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிப் பாதைகள் உள்ளன. லண்டனில் அப்படி இல்லை. இரண்டும் ஒரே கால்வாயில் ஓடின. நகரெங்கும் மண்ணுக்கு அடியில் கிடந்த பழைய கால்வாய்களைப் பெயர்த்தெடுத்து இரண்டாகப் பிரிப்பது நடக்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை. அப்படியென்றால், புயல்மழை கொட்டும்போது வரும் நீர் முழுவதையும் புதிய கால்வாய்கள் தாங்க வேண்டுமா?

அவர் மழைப் பதிவுகளை எடுத்துக் கணக்கிட்டார். ஒரு நாளில் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த நீரைக் கழிவுநீரோடு சேர்த்துச் சுமக்கும் அளவுக்குக் கால்வாய்களை அமைக்கலாம் என்று முடிவு செய்தார். அதற்கு மேல் பெய்யும் மழை ஆண்டில் ஒரு சில நாள்களுக்கு மட்டுமே உரியது. அந்தச் சில நாள்களுக்காகக் கால்வாய்களைப் பன்மடங்கு பெரிதாகக் கட்டினால் செலவு எல்லை மீறும். ஆண்டின் மற்ற நாள்களில் அவை பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். ஆனால், மிஞ்சும் நீருக்கு ஒரு வழி விடாவிட்டாலோ அது பின்னோக்கி ஏறி, தாழ்வான வீடுகளின் நிலவறைகளிலும் தெருக்களிலும் கழிவோடு பொங்கிவிடும்.

தமிழ்நாட்டு ஏரிகளில் கலிங்கு என்ற அமைப்பு உண்டு. ஏரி நிரம்பிக் கரை உடையும் நிலை வருவதற்கு முன்பே மிகைநீர் அதன் வழியாக வழிந்து வெளியேறிவிடும். பசல்ஜெட்டும் ஏறத்தாழ அதைப் போன்ற ஏற்பாட்டையே செய்தார். பழைய கால்வாய்களும் புதியவையும் சந்திக்கும் இடங்களில் தாழ்ந்த தடுப்புச் சுவர்களை வைத்தார். வழக்கமான நாளில் நீர் அந்தச் சுவரைத் தாண்டாது. புதிய கால்வாயில் திரும்பிவிடும். பெருமழையின்போது சுவரைத் தாண்டி, பழைய வழியிலேயே தேம்ஸில் விழும். மழைநீர் மிகுதியாகக் கலந்திருப்பதால் கழிவின் கடுமை குறைந்திருக்கும் என்றும் அவர் கருதினார். ஃபிளீட், டைபர்ன் போன்ற சிற்றாறுகள் எப்போதோ மூடப்பட்டுச் சாக்கடைகளாகி இருந்தன. அவற்றின் முகத்துவாரங்களும் இத்தகைய மிகைநீர் வாய்களாயின. வீடுகளைக் காப்பதற்காக நதியின் தூய்மையைச் சில நாள்கள் விட்டுக்கொடுத்த முடிவு இது. தெரிந்தே, கணக்குப் போட்டே அவர் அதை எடுத்தார்.

திட்டம் தயார். ஆனால், வேலையைத் தொடங்க இயலவில்லை. வாரியத்தின் திட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் பணித்துறை ஆணையர் பெஞ்சமின் ஹாலிடம் இருந்தது. கழிவு வெளியேறும் இடம் நகர எல்லையிலிருந்து போதிய தொலைவில் இல்லை என்று அவர் திட்டத்தைத் திருப்பி அனுப்பினார். பசல்ஜெட் திருத்தினார். மீண்டும் மறுப்பு. ஹால் அமர்த்திய வல்லுநர்கள் பன்மடங்கு செலவாகும் வேறொரு திட்டத்தை முன்வைத்தார்கள். அந்தச் செலவை யார் ஏற்பது என்ற வாக்குவாதத்தில் இரண்டு ஆண்டுகள் ஓடின. ஹால் சொன்னதில் ஓரளவு நியாயம் இருந்தது என்பது இருபது ஆண்டுகளுக்குப் பிறகே தெரியவந்தது.

1858ஆம் ஆண்டின் நாற்றம் அந்த வாக்குவாதத்தை முடித்து வைத்தது. நிதியமைச்சர் டிஸ்ரேலி கொண்டுவந்த சட்ட முன்வரைவு 18 நாள்களில் நிறைவேறியது. 3 மில்லியன் பவுண்டு கடன் வாங்க வாரியத்துக்கு அனுமதி கிடைத்தது. திட்டத்தைத் தடுக்கும் அதிகாரமும் நீக்கப்பட்டது. ஏழைகள் வாழ்ந்த தெருக்களில் பல்லாண்டுகளாக வீசிய நாற்றம் சாதிக்காததை, நாடாளுமன்றத்துக்குள் சில வாரங்கள் வீசிய நாற்றம் சாதித்தது.

1859ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டே நகரின் அடியைத் தோண்டினார்கள். சுமார் 132 கிலோமீட்டர் நீளத்துக்கு முதன்மைக் கால்வாய்கள் கட்டப்பட்டன. அவற்றோடு ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தெருக் கால்வாய்கள் இணைந்தன. 318 மில்லியன் செங்கற்கள் தேவைப்பட்டன. கற்களை இணைக்கப் போர்ட்லாந்து சிமெண்டைப் பயன்படுத்துவது என்று பசல்ஜெட் முடிவு செய்தார். அன்று அது பெரிய கட்டுமானங்களில் அதிகம் பயன்படாத பொருள். நீரில் ஊறினாலும் உறுதி பெறும் சிறப்பு அதற்கு இருந்தது. ஆனால், தயாரிப்பில் சூடு சற்றே மிஞ்சினாலும் கெட்டுவிடும். ஆகவே, வந்து இறங்கிய சிமெண்டைத் தொகுதி தொகுதியாகச் சோதிக்க ஏற்பாடு செய்தார். சோதனையில் தேறாதவை திருப்பி அனுப்பப்பட்டன. மண்ணுக்குள் மறையப்போகும் சுவரை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம் அவரிடம் இல்லை. வரைபடங்களையும் ஒப்பந்தங்களையும் தாமே படித்து, குறிப்புகளைத் தம் கைப்பட எழுதினார்.

1865ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், தென்கரையில் உள்ள கிராஸ்நெஸ் நீரேற்று நிலையத்தை வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். அங்கிருந்த நான்கு மாபெரும் நீராவி இயந்திரங்களுக்கு அரச குடும்பத்தினரின் பெயர்கள் சூட்டப்பட்டன. சாக்கடை நீரை இறைக்கும் இயந்திரங்கள்தாம். ஆயினும், அந்தக் கட்டடத்தின் இரும்பு வேலைப்பாடுகள் அரண்மனையை நினைவூட்டும்.

மறு ஆண்டே காலரா மீண்டும் வந்தது. இம்முறை 5,500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிழக்கு லண்டனைச் சேர்ந்தவர்கள். பசல்ஜெட்டின் கால்வாய்கள் முழுமையாகச் செயல்படாதிருந்த பகுதி அதுவே. அங்கே கழிவுநீரைத் தூக்கிவிட வேண்டிய அபி மில்ஸ் நீரேற்று நிலையம் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. அப்பகுதிக்கு நீர் வழங்கிய நிறுவனத்தின் நீரும் மாசடைந்திருந்தது. புள்ளிவிவர வல்லுநர் வில்லியம் ஃபார் இறந்தோர் கணக்கை ஆராய்ந்து, ஸ்னோ கூறியதே உண்மை என்று ஏற்றுக்கொண்டார். 1868ஆம் ஆண்டில் அபி மில்ஸ் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் பிறகு லண்டனில் காலரா பெருந்தொற்றாகப் பரவவே இல்லை. நாற்றத்தை ஒழிக்கவே பசல்ஜெட் கால்வாய் கட்டினார். அந்தக் கால்வாய் குடிநீரைக் காத்து நோயை ஒழித்தது. காரணம் பிழையாக இருந்தும் செயல் சரியாக அமைந்துவிட்ட அரிய நிகழ்வு அது.

நதியின் வடகரையில் ஒரு கால்வாயை அமைக்க, நெரிசல் மிகுந்த கடைத்தெருக்களைத் தோண்ட வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்க, பசல்ஜெட் நதிக்குள்ளேயே இடம் தேடினார். சேறு படிந்திருந்த கரையோரத்தைக் கருங்கல் சுவரால் வளைத்து, உட்பக்கத்தை நிரப்பி, அதற்குள் கழிவுநீர்க் கால்வாயைப் பதித்தார். நிலத்தடி இரயிலுக்கும் அங்கேயே இடம் ஒதுக்கினார். மேலே அகன்ற சாலையும் பூங்காக்களும் அமைந்தன. 1870ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விக்டோரியா கரைச்சாலை இதுவே. எதிர்க்கரையில் ஆல்பர்ட் கரைச்சாலையும், மேற்கே செல்சி கரைச்சாலையும் கட்டப்பட்டன. இன்று லண்டனுக்குச் செல்லும் பயணிகள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தங்கள் காலடியில் ஒரு சாக்கடை ஓடுவது பலருக்குத் தெரியாது.

1875ஆம் ஆண்டில் பசல்ஜெட்டுக்கு ‘சர்’ பட்டம் வழங்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் அவர் பணியின் குறையும் வெளிப்பட்டது. 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் மாலை, உல்லாசப் பயணிகளை ஏற்றிவந்த பிரின்சஸ் ஆலிஸ் என்ற படகு வேறொரு கப்பலோடு மோதி நதியில் மூழ்கியது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விபத்து நடந்தது, கழிவுநீர் வெளியேறும் இடங்களுக்கு அருகில். சிறிது நேரத்துக்கு முன்புதான் தொட்டிகள் திறந்துவிடப்பட்டிருந்தன. நீந்தத் தெரிந்தவர்கள்கூட அந்த நீரில் மூச்சுத்திணறி மாண்டார்கள் என்று மக்கள் கொதித்தெழுந்தனர்.

கிழக்கே வாழ்ந்த மக்கள் அதற்கு முன்பே முறையிட்டு வந்திருந்தார்கள். நகர மையத்தில் வாழ்ந்தவர்களுக்கு நதி மீண்டது. ஆனால், அந்தக் கழிவு முழுவதும் அவர்கள் வாசலில் கொட்டப்பட்டது. தங்கள் பகுதியில் கழிவு மேடுகள் படிகின்றன என்று அவர்கள் கூறியபோது, பசல்ஜெட் அதை ஏற்கவில்லை. அறிக்கைகள் எழுதி மறுத்தார். தாம் கட்டியதைக் காத்துப் பேசுவது மனித இயல்புதான் என்றாலும், இந்த வழக்கில் நியாயம் அந்த மக்களின் பக்கமே இருந்தது. அரசு அமைத்த விசாரணைக் குழு, கழிவை அப்படியே நதியில் விடக்கூடாது என்று 1884ஆம் ஆண்டில் முடிவு கூறியது. அதன் பின்னர், வேதிப்பொருள்களைச் சேர்த்துக் கசடு பிரிக்கப்பட்டது. அந்தக் கசடைக் கடலுக்கு எடுத்துச் செல்ல 1887ஆம் ஆண்டில் ஒரு கப்பல் வந்தது. அதன் பெயர் ‘பசல்ஜெட்’.

கால்வாய்களோடு அவர் பணி நிற்கவில்லை. பட்னி, ஹேமர்ஸ்மித், பேட்டர்சீ ஆகிய இடங்களில் தேம்ஸைக் கடக்கும் பாலங்களை வடிவமைத்தார். நகரின் பல புதிய சாலைகளுக்கும் திட்டம் வகுத்தார். 1889ஆம் ஆண்டில் வாரியம் கலைக்கப்பட்டபோது ஓய்வு பெற்றார். பதினொரு பிள்ளைகளின் தந்தையான அவர், 1891ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் விம்பிள்டனில் காலமானார். பத்து ஆண்டுகளுக்குப் பின் விக்டோரியா கரைச்சாலையில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது.

அவர் திட்டம் தீட்டியபோது லண்டனில் சுமார் இரண்டரை மில்லியன் மக்கள் வாழ்ந்தனர். எதிர்கால வளர்ச்சியையும் எண்ணியே கால்வாய்களை அவர் பெரிதாக அமைத்திருந்தார். இன்றைய லண்டனின் மக்கள்தொகையோ சுமார் ஒன்பது மில்லியன். தோட்டங்களும் புல்வெளிகளும் இருந்த இடங்களில் கட்டடங்களும் தார்ச்சாலைகளும் வந்துவிட்டன. மண்ணில் ஊற வேண்டிய மழைநீர் கால்வாய்களில் பாய்ந்தது. ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டுமே திறக்கும் என்று பசல்ஜெட் எண்ணிய மிகைநீர் வாய்கள், இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சராசரியாக வாரத்துக்கு ஒருமுறை திறந்தன. சாதாரண மழைக்கே கழிவுநீர் தேம்ஸில் வழிந்தது. அவர் கட்டிய செங்கல் சுவர்கள் உறுதியாகவே இருந்தன. அவர் போட்ட மழைக் கணக்குதான் காலாவதி ஆகிவிட்டது.

அந்த வாய்களை வெறுமனே அடைத்துவிட முடியாது. அடைத்தால், பசல்ஜெட் அஞ்சியபடியே கழிவுநீர் வீடுகளுக்குள் ஏறிவிடும். ஆகவே, பொறியாளர்கள் அவர் கையாண்ட முறையையே மீண்டும் கையாண்டனர்: இடைமறிப்பு. 2016ஆம் ஆண்டில் தேம்ஸ் நதிக்கு அடியில் புதிய சுரங்கக் கால்வாய் கட்டும் வேலை தொடங்கியது. அதன் நீளம் 25 கிலோமீட்டர். அகலம் 7 மீட்டருக்கும் மேல். மிகுந்த மாசை உண்டாக்கிய 34 மிகைநீர் வாய்களைக் கட்டுப்படுத்துவதே திட்டத்தின் நோக்கம். பெருமழையில் வழியும் நீர் நதியில் விழாமல் ஆழமான குழிகள் வழியாகச் சுரங்கத்தில் இறங்கும். அங்கே தேங்கியிருந்து, கிழக்கே உள்ள பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரும். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் எல்லா இணைப்புகளும் முடிந்து சுரங்கம் முழுமையாக இயங்கத் தொடங்கியது. மிகக் கடுமையான மழை பெய்தால் இப்போதும் ஓரளவு நீர் நதியில் வழியும். மற்ற நாள்களில், ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட செங்கல் கால்வாய்கள் தம் வேலையை வழக்கம்போல் செய்துவருகின்றன.

சுரங்கப் பணிக்காக நதியோரத்தில் சில இடங்களில் புதிய நிலம் உருவாக்கப்பட்டது. பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கு அருகில் உள்ள அத்தகைய நிலம் இப்போது மக்கள் நடந்து மகிழும் பொது இடமாக இருக்கிறது. ஒரு காலத்தில் ஃபிளீட் சாக்கடை தேம்ஸில் கொட்டிய இடம் அது. மழை வலுக்கும்போது அந்தக் கழிவுநீர் இப்போது மக்களின் காலடியில் இருக்கும் குழிக்குள் திரும்பி, சுரங்கத்தில் விழுகிறது. அந்த இடத்துக்குப் ‘பசல்ஜெட் கரைச்சாலை’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.